மாத்திரையை நிறுத்தியது யார்?



‘மாத்திரையை நிறுத்திவிட்டாள்’, ‘காப்பர்-டியை எடுத்துவிட்டாள்’ என்று நம் வீடுகளில் பெண்கள் தமக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதுண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேடும் ஏறத்தாழ இதே சொற்களைத்தான் எழுதுகிறது. இரண்டு இடத்திலும் செயலைச் செய்தவள் அந்தப் பெண்ணே. காரணம் கேட்டால் மூன்று விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன: அறியாமை, அலட்சியம், மார்க்கப் பற்று. நான்காவது விடை ஒன்றும் உண்டு. அது அச்சம், வீட்டுக்குள் தன் கணவனின் கை ஓங்கிவிடுமோ என்ற அச்சம். அந்த விடை நம் பேச்சில் வருவதில்லை. பதிவேட்டிலும் நெடுங்காலம் இடம்பெறவில்லை. இந்த மௌனத்தின் வரலாற்றை, நாம் வாழும் செங்கல்பட்டு வட்டாரத்தில் நின்றுகொண்டு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணப்பட்டவையும் எண்ணப்படாதவையும்

கருங்குழி என்றதும் பலருக்கு வள்ளலார் வாழ்ந்த வடலூர்ப் பக்கத்துக் கருங்குழி நினைவுக்கு வரும். நாம் பேசுவது அதுவன்று. மதுராந்தகத்துக்கு அருகே, சென்னை – திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள கருங்குழி. கர்நாடகப் போர்க்காலத்தில் இங்கிருந்த கோட்டைக்காகப் படைகள் மோதின. ஆங்கிலேயர் ஆவணங்களில் ‘கரங்கூலி’ என்று இவ்வூரின் பெயர் பல இடங்களில் காணப்படும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு முதலில் வந்த நிலப்பரப்புகளுள் ஒன்று செங்கல்பட்டுச் சீமை. எனவே அது மிக முன்னதாகவே எண்ணப்பட்டது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற அதிகாரி ஊர் ஊராக அளந்து, நிலம் எவ்வளவு, வீடுகள் எத்தனை, யார் யார் குடியிருக்கிறார்கள் என்று எழுதிவைத்தார். பின்னர் வந்த கலெக்டர் லயோனல் பிளேஸ் ஏரிகளையும் வருவாயையும் பற்றி விரிவான அறிக்கை தந்தார். இவ்வாறு எண்ணி எழுதியவர்கள் வீட்டு வாசலோடு நின்றார்கள். வாசலுக்கு உள்ளே ஒரு பெண் எத்தனை பிள்ளை பெற்றாள், பெற விரும்பினாளா, விரும்பாதபோது அவளுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. அக்கேள்வி இம்மண்ணில் முறையாகக் கேட்கப்பட இன்னும் 200 ஆண்டுகள் ஆயின.

மார்க்க அறிஞர்கள் கேட்ட கேள்வி

ஆனால் அக்கேள்விக்கு நெருங்கிய ஒன்றை நம் மார்க்கச் சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். அக்காலக் கருத்தடை முறை ‘அஸ்ல்’ எனப்பட்டது. கணவன் விந்தை வெளியே விடுதல் என்பது அதன் பொருள். நபி (ஸல்) அவர்களின் காலத்தில், குர்ஆன் அருளப்பட்டுக்கொண்டிருந்தபோதே தாங்கள் அஸ்ல் செய்துவந்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஆகவே பெரும்பாலான அறிஞர்கள் அதனை ஆகுமானது என்றார்கள்.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. மனைவியின் ஒப்புதல் வேண்டுமா என்பதையும் ஆராய்ந்தார்கள். ஹனஃபி, மாலிகி, ஹன்பலி ஆகிய மூன்று மத்ஹபுகளும் வேண்டும் என்றன. இது குறித்து உமர் (ரலி) அவர்கள் வழியாக இப்னுமாஜாவில் வரும் அறிவிப்பின் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ்கலையினர் கூறுவர். ஆயினும் சட்டத்தின் அடிப்படை தெளிவாக இருந்தது: பிள்ளைப்பேற்றிலும் இல்லற இன்பத்திலும் மனைவிக்கு உரிமை உண்டு, உரியவளைக் கேளாமல் அதைப் பறித்தல் கூடாது. நம் கடற்கரை ஊர்களில் பரவலாகப் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில் ஒப்புதல் கட்டாயமில்லை என்ற கருத்தே மேலோங்கியது. அம்மத்ஹபைச் சேர்ந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 505, கி.பி. 1111) தமது ‘இஹ்யா’வில் அஸ்லுக்குரிய ஏற்கத்தக்க காரணங்களை வகைப்படுத்தும்போது, பிரசவ ஆபத்திலிருந்து மனைவியின் உயிரைக் காப்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார்.

மனைவி தானாகக் கருத்தடை செய்துகொள்ள, கணவனின் அனுமதி வேண்டுமா என்பதில் பிற்கால ஹனஃபி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. அனுமதி வேண்டும் என்றவர்களும், அவன் அவளுடைய அனுமதியின்றிச் செய்யலாகாது என்ற விதியிலிருந்தே அதனைப் பெற்றார்கள். அதாவது, உரிமை இரு பக்கமும் உண்டு என்பதே வாதத்தின் தொடக்கம்.

இந்த விவாதத்தின் அண்மைக்கால வடிவம் 1988-ஆம் ஆண்டு குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் தீர்மானம். தேவையின்றி மகப்பேற்றுத் திறனை நிரந்தரமாக அழிப்பதை அது தடுத்தது. பிள்ளைகளுக்கிடையே இடைவெளி விடத் தற்காலிக முறைகளைக் கையாள்வதை, கணவனும் மனைவியும் கலந்தாலோசித்து மனமொத்துச் செய்யும்போது அனுமதித்தது. அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் குழந்தையின் பால்குடியை நிறுத்துவதற்கே பெற்றோர் இருவரின் திருப்தியையும் ஆலோசனையையும் எடுத்துரைக்கிறது. அடுத்த குழந்தையைக் கருவில் சுமப்பதற்கு அதைவிடக் குறைவான ஆலோசனை போதும் என்று எவர் கூற முடியும்?

‘மறுத்துவிடு’ என்ற அறிவுரை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருத்தடை சென்னையில் பொதுவிவாதமாயிற்று. 1920-களின் இறுதியில் சென்னையில் மால்தூசியச் சங்கம் ஒன்று தோன்றி, மக்கள்தொகை, வறுமை, உடல்நலம் ஆகியவற்றைக் காரணம் காட்டிக் கருத்தடையை ஆதரித்தது. ஏறத்தாழ அதே காலத்தில் ‘குடி அரசு’ இதழில் எழுதிய பெரியார் ஈ.வெ.ரா. தம் காரணம் வேறு என்றார்: பெண்ணின் விடுதலைக்காகவே கருத்தடை வேண்டும். அவருடைய சமயக் கருத்துகளோடு நமக்கு உடன்பாடில்லை. எனினும் அந்த விவாதத்தில் பெண்ணை நடுவில் நிறுத்தியவர் அவர் என்பதை வரலாறு மறைக்க இயலாது.

1935 டிசம்பரில் அமெரிக்காவின் மார்கரெட் சாங்கர் வார்தா சென்று காந்தியடிகளைச் சந்தித்தார். செயற்கைக் கருத்தடையைக் காந்தி ஏற்கவில்லை. மனைவியர் தம் கணவரை மறுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அவர் முன்வைத்த வழி. மறுக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்று அவர் ஒப்புக்கொண்டது பெரிது. ஆனால் மறுத்தவளுக்கு அன்றிரவு என்ன நேரும் என்ற வினாவுக்கு அந்த வழியில் விடை இல்லை.

வளையமும் முகாமும்

1952-இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக அறிவித்தது. 1965-இல் ‘லூப்’ எனப்பட்ட கருப்பை வளையம் நாடெங்கும் புகுத்தப்பட்டது. வளையம் பொருத்திய பெண்களுள் பலருக்கு மிகுதியான உதிரப்போக்கு உண்டாயிற்று. ஏராளமானோர் அதனை எடுத்துவிட்டார்கள். திட்டம் சில ஆண்டுகளிலேயே சரிந்தது. ‘பக்கவிளைவு’ என்று காரணம் எழுதப்பட்டது, அது உண்மையும்கூட. ஆனால் நாள்கணக்கில் உதிரம் காணும் பெண்ணின் வீட்டில் வேறு சில விளைவுகளும் உண்டு. தொழுகையில் ஐயம், நோன்பில் ஐயம், கணவன் அருகில் வரும்போது மறுக்க வேண்டிய நிலை, அந்த மறுப்பால் எழும் சினம். இவை எந்த மருத்துவக் குறிப்பிலும் ஏறவில்லை.

1975–77 அவசரநிலைக் காலத்தில் அரசே வற்புறுத்தலில் இறங்கியது. 1976–77 ஓராண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றுள் பெரும்பகுதி ஆண்களுக்கு. டெல்லி துர்க்மான் கேட்டும் ஹரியானாவின் உட்டாவர் கிராமமும் நம் சமுதாயத்தின் நினைவில் ஆறாத புண்களாக நிலைத்தன. குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லையே ஐயத்துடன் நோக்கும் மனநிலை அங்கிருந்தும் வளர்ந்தது. அந்த ஐயத்துக்கு நியாயம் இருந்தது.

1977-க்குப் பின் ஆண்களுக்கான அறுவை ஏறத்தாழ மறைந்தது. சுமை முழுவதும் பெண்களின் உடல்மீது இறங்கியது. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களுள் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையைக் கருத்தடை முறையாகக் கொண்டவர்கள் 0.1 விழுக்காடு மட்டுமே.

சிற்றூர்ப் பெண்கள் கேட்டது

பர்னார்ட் எண்ணாமல் விட்டதை எண்ணத் தொடங்கியவர்கள் இவ்வட்டாரத்தின் ஏழைப் பெண்கள்தாம். 1981-இல் செங்கல்பட்டைச் சுற்றியுள்ள ஊர்களைச் சேர்ந்த தலித் பெண்கள் சிலரும் பொருளியல் அறிஞர் டி.கே. சுந்தரி ரவீந்திரனும் சேர்ந்து கிராமப்புறப் பெண்களுக்கான சமூகக் கல்வி மையம் ஒன்றை நிறுவினார்கள். ‘ருவ்செக்’ என்று சுருக்கமாக அறியப்படுவது அது. தம் சொந்தக் குடியிருப்புகளிலேயே பெண்களின் உடல்நலம் குறித்துப் பேசுவது அவர்களின் பணி. பின்னர் திருக்கழுக்குன்றம் அருகே கருமாரப்பாக்கத்தில் பெண்களுக்கான மருத்துவமனையும் நடத்தினார்கள். உடல்நலத்தைப் பேசப் போனவர்கள் வீட்டு வன்முறையைப் பேசாமல் திரும்ப முடியவில்லை. ஆகவே ஆண்களிடமும் பேசத் தொடங்கினார்கள்.

சுந்தரி ரவீந்திரனும் பி. பாலசுப்பிரமணியனும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வரலாற்றில் முதன்மையானது. தமிழ்நாட்டின் 98 சிற்றூர்களைச் சேர்ந்த, இரு தலைமுறைகளுக்குரிய 66 பெண்களிடமும் அவர்களுள் 44 பேரின் கணவர்களிடமும் நீண்ட உரையாடல் நடத்தப்பட்டது. பெண்கள் ஏன் கருக்கலைப்பை நாடுகிறார்கள் என்பதே ஆய்வின் கேள்வி. கருக்கலைப்பின் மார்க்கச் சட்டம் இங்கு நம் பேசுபொருளன்று. அந்தக் கரு உருவான விதமே பேசுபொருள். பெண்ணின் விருப்பமின்றி நிகழ்ந்த உறவும், வன்முறையும், கணவனை மறுக்க இயலாத நிலையும் மூத்த தலைமுறை, இளைய தலைமுறை இரண்டிலும் அடித்தளமாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். திருமணத்துக்குள் உறவு தம் உரிமை, அதில் மனைவி சொல்ல ஒன்றுமில்லை என்று ஆண்கள் பலர் கருதினர்.

நாடளாவிய ஆய்வுகளும் மெல்ல இப்பக்கம் திரும்பின. 1998–99-இல் நடந்த இரண்டாவது தேசியக் குடும்பநல ஆய்வில்தான் முதன்முதலாக அடி உதை பற்றிப் பெண்களிடம் கேட்டார்கள். 15 வயதுக்குப் பின் அடிபட்டதாகக் கூறிய பெண்கள் இந்திய அளவில் 21 விழுக்காடு. தமிழ்நாட்டில் 40 விழுக்காடு. அந்த ஆய்வில் பங்குபெற்ற கிராமப்புறப் பெண்களை, பீகார், ஜார்க்கண்ட், மகாராஷ்டிரம், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலங்களில் 2002–03-இல் மீண்டும் சந்தித்தார்கள். ராப் ஸ்டீபன்சனும் உடனாய்வாளர்களும் 2008-இல் அதன் முடிவை வெளியிட்டனர். கணவனிடம் அடிபட்ட பெண்கள் இடைப்பட்ட காலத்தில் கருத்தடை முறையை ஏற்பது குறைவாகவும், விரும்பாத கருவைச் சுமப்பது மிகுதியாகவும் இருந்தது. ஒரு பொழுதில் எடுத்த கணக்கன்று இது. முதலில் அடி, பின்னர் விளைவு என்று காலவரிசையில் கண்ட முடிவு.

வீட்டுக்குள் நடப்பது

அச்சம் கருத்தடையை நிறுத்தும் வழிகள் பல. மாலா-என் மாத்திரை நாள்தோறும் தவறாமல் உண்ண வேண்டியது. அலமாரியில் அதனைக் கண்ட கணவன் ‘யாருக்காகச் சாப்பிடுகிறாய்?’ என்று கேட்டுவிட்டால், அந்த ஐயத்தின் முன் மாத்திரை தோற்றுவிடும். ஆணுறை அவன் மனம் வைத்தால்தான் உண்டு. காப்பர்-டியால் உதிரம் மிகுந்து அவள் ஒதுங்கினால், ஒதுங்கியதற்கே அடி விழும். வளையத்தை எடுத்துவிட்டால் அந்த அடியாவது நிற்கும் என்று அவள் கணக்கிடுகிறாள். மருத்துவமனைக்குப் போய்வரப் பேருந்துக் கட்டணம் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல அஞ்சுபவள் போகாமலே இருந்துவிடுகிறாள். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இவை எல்லாம் ‘நிறுத்திவிட்டாள்’ என்ற ஒரே சொல்லாகத்தான் தெரியும்.

தேசியக் குடும்பநல ஆய்வின் படிவத்தில், கருத்தடையை நிறுத்தியதற்கான காரணங்களுள் ‘கணவர் விரும்பவில்லை’ என்று ஒரு விடை உண்டு. ‘அடிக்கு அஞ்சினேன்’ என்று ஒரு விடை இல்லை. வன்முறை பற்றிய கேள்விகள் அதே படிவத்தின் வேறொரு பகுதியில், பிறர் அருகில் இல்லாதபோது மட்டும் கேட்கப்படுகின்றன. ஒரே பெண்ணின் ஒரே துன்பம் இரண்டு பக்கங்களில் பிரிந்து கிடக்கிறது.

இங்கே நம் குடும்பங்கள் தனியே எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் பிற சமயப் பெண்களுள் பலர் இருபதுகளின் நடுவிலேயே அறுவை செய்துகொள்கின்றனர். அதன்பின் அதனை எவரும் நிறுத்திவிட முடியாது. நிரந்தர அறுவை மார்க்கத்தில் தேவையின்றிக் கூடாது என்று நம்பி வாழும் முஸ்லிம் பெண்ணுக்கு மிஞ்சுவது மாத்திரை, ஆணுறை, வளையம், ஊசி ஆகிய தற்காலிக முறைகளே. கணவனின் ஒத்துழைப்பின்றி நீடிக்காதவையும், அவன் நினைத்தால் முறித்துவிடக் கூடியவையும் பெரும்பாலும் இவைதாம். 2017-இல் அறிமுகமான ‘அந்தரா’ ஊசி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போதும். வீட்டில் எதையும் ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒளித்து வாழ்வது இல்லறத்துக்கு மருந்தாகாது. மார்க்கம் தந்த தற்காலிக வழி மனமொத்த ஆலோசனையின் மீது கட்டப்பட்டது. அந்த ஆலோசனையை அடியால் அழிப்பவன், மார்க்கம் தன் மனைவிக்குத் திறந்துவிட்ட வாசலையே அடைத்துவிடுகிறான்.

நம் முன் உள்ள கடமை

அரசு நம்மை வற்புறுத்தியபோது அதனை அநீதி என்றோம், சரியாகவே சொன்னோம். பிள்ளை பெறாதே என்று முகாமில் வற்புறுத்துவதும், பெற்றே ஆகவேண்டும் என்று அறைக்குள் கை ஓங்குவதும் ஒரே அநீதியின் இரு முகங்கள். முன்னதை நினைவில் வைத்திருக்கும் சமுதாயம் பின்னதைக் குடும்ப விவகாரம் என்று ஒதுக்கலாகாது.

அன்னிஸா அத்தியாயத்தின் 34-ஆம் வசனத்தைக் கேடயமாக்கிக்கொள்வோர் உண்டு. அதன் விளக்கத்தில் அறிஞர்களிடையே நெடிய விவாதம் இருக்கிறது. ஆனால் அந்த வசனம் யாருக்கு அருளப்பட்டதோ அந்த நபி (ஸல்) அவர்கள், தம் கையால் ஒரு பெண்ணையும் அடித்ததில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பகலில் மனைவியை அடித்துவிட்டு இரவில் அவளோடு கூடுவது எப்படித் தகும் என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி புகாரியில் உள்ளது. நாம் மேலே கண்ட வரலாறு முழுவதும் அந்தக் கண்டனத்துக்குள் அடங்கிவிடுகிறது.

நிகாஹுக்கு முன் மஹரைப் பேசும் நாம், பிள்ளைப்பேறு குறித்தும் மணமக்கள் தமக்குள் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கலாம். ஜமாஅத்தில் முறையிடும் பெண்ணிடம் ‘பொறுத்துக்கொள்’ என்பதற்குமுன் அவள் அஞ்சுவது எதற்கு என்று கேட்கலாம். கேட்பவர் ஒரு பெண்ணாக இருப்பது நன்று. மாமியாரும் நாத்தனாரும் அவளுடைய மாத்திரையைக் காட்டிக்கொடுக்காமல் அவள் பக்கம் நிற்கலாம். மருத்துவரும் செவிலியரும் அவளைத் தனியே வைத்து ஒரு வார்த்தை கேட்கலாம். அறுவை உட்பட எந்தக் கருத்தடைக்கும் கணவனின் கையொப்பத்தைச் சட்டம் கேட்கவில்லை என்பதை அவள் அறிந்திருக்க வேண்டும்.

வழக்கமாக அடிப்பதும் வாழ்வைத் துன்பமாக்குவதும் மணவிலக்குக்கு உரிய காரணங்கள் என்று 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் கூறுகிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மணவிலக்கின்றியே பாதுகாப்புத் தருகிறது. தமிழ்நாட்டில் 181 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். ஐந்தாவது குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டின் திருமணமான பெண்களுள் 38.1 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை ஏதேனும் ஒரு காலத்தில் சந்தித்ததாகக் கூறியுள்ளனர். இதில் நம் வீடுகள் மட்டும் விலக்கு என்று நம்பிக்கொண்டிருக்க இடமில்லை.

இனி எவரேனும் ‘அவள் நிறுத்திவிட்டாள்’ என்று சொல்லக் கேட்டால், குரலைத் தாழ்த்தாமல் ஒரு கேள்வி கேட்போம்: நிறுத்தியது அவள்தானா? அவள் வாய் திறந்து விடை சொல்லும் அளவுக்கு அஞ்சாத வீட்டை அமைப்பது நம் கையில் இருக்கிறது. குடும்பங்களை அன்பும் கருணையும் நிலவும் இடங்களாக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.